பருத்தி மானியமும் வாரக்குடிகளும்
ஐக்கிய அமெரிக்கத் தென்மாநிலங்களில் அரச கொடுப்பனவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வேளாண்மைக்கு அரசு வழங்கும் மானியம் நிலத்திற்கு உரியதா, நிலத்தில் உழைப்பவனுக்கு உரியதா என்பது மானிய முறை நிலவும் எந்த நாட்டிலும் எழக்கூடிய வினாவாகும். நிலமும் உழைப்பும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும்போது இவ்வினா எழுவதில்லை. நிலம் ஒருவனுக்கும் உழைப்பு இன்னொருவனுக்கும் உரியனவாகப் பிரிந்து கிடக்கும் சமுதாயத்திலேயே அது கூர்மை பெறுகின்றது. 1933 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்க அரசு தன் கமக்காரர்க்கு நேரடியாகப் பணம் வழங்கத் தொடங்கியபோது, அந்நாட்டின் தென்மாநிலங்கள் இத்தகையதொரு சமுதாயமாகவே இருந்தன. வறுமையினின்றும் கிராமத்தை மீட்பதற்கென வகுக்கப்பட்ட அத்திட்டம், அக்கிராமத்தின் மிக வறியோரை அவர் வாழ்ந்த நிலத்தினின்றும் அகற்றுவதற்குத் துணைபோனமை எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

1. வாரக்குடி முறையின் இயல்பு

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே அமைந்த வண்டற் சமவெளி ‘டெல்ற்றா’ என வழங்கப்படும். மாநிலத்தின் ஆட்சிப் பிரிவுகளாகிய கவுண்டிகளுள் சன்ஃபிளவர், பொலிவார், கொஹோமா முதலியன இச்சமவெளியில் உள்ளன. உலகின் வளமிக்க பருத்தி நிலங்களுள் இவை வைத்து எண்ணப்பட்டன. ஆற்றின் மறுகரையில் ஆர்க்கன்சோ மாநிலத்தின் கிழக்குக் கவுண்டிகளும் இதே இயல்பினவாகும்.

1865 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நிலம் வழங்கப்படவில்லை. நிலம் பழைய உடைமையாளரிடமே தங்கிற்று. உழைப்பு மட்டுமே விடுதலை பெற்றவரிடம் இருந்தது. இவ்விரண்டையும் மீண்டும் இணைத்த ஏற்பாடே வாரக்குடி முறையாகும். நிலவுடைமையாளன் நிலம், குடிசை, விதை, கருவிகள், கோவேறு கழுதை ஆகியவற்றை வழங்குவான். வாரக்குடி தன் குடும்பத்தின் உழைப்பை வழங்குவான். விளைவில் பாதி ஒருவனுக்கும் மறுபாதி மற்றவனுக்கும் சேரும். அறுவடைவரை வாழ்வதற்கு வேண்டிய உணவும் உடையும் பெருந்தோட்டக் கடையிலிருந்து கடனாக வழங்கப்படும். ஆண்டிறுதியில் பருத்தி விற்கப்பட்டபின் கணக்குத் தீர்க்கப்படும். அக்கணக்கை எழுதுபவன் நிலவுடைமையாளனே. ஆகவே ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பம் ஒன்று மார்கழியில் வெறுங்கையுடனோ கடனுடனோ நிற்பது வழக்கமான நிகழ்ச்சியாயிற்று. காலப்போக்கில் வறிய வெள்ளையரும் பெருந்தொகையினராய் இம்முறைக்குள் வீழ்ந்தனர். 1930 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தென்மாநிலங்களில் ஏறத்தாழ 776,000 வாரக்குடிகள் இருந்தனர். இவர்களுட் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறையச் சம அளவினராய் இருந்தனர்.

இங்கு ஒரு நுட்பமான சட்டநிலையை மனங்கொள்ளுதல் வேண்டும். பல தென்மாநிலங்களின் சட்டம் வாரக்குடியைக் குத்தகையாளனாகக் கருதவில்லை. விளைவின் ஒரு பங்கைக் கூலியாகப் பெறும் வேலையாளாகவே கருதிற்று. நிலத்தின்மீது அவனுக்கு எவ்வித உரிமையும் இல்லை. பிற்காலத்தில் மானியத்தின் போக்கைத் தீர்மானித்த காரணிகளுள் இது முதன்மையானதாகும்.

2. 1933 ஆம் ஆண்டுச் சட்டம்

1929 இல் இறாத்தல் ஒன்றுக்கு ஏறத்தாழ 17 சதமாக இருந்த பருத்தியின் பண்ணை விலை, 1931 இல் 6 சதத்திற்கும் கீழே வீழ்ந்தது. 1932 இல் விற்பனையாகாது எஞ்சிக் கிடந்த அமெரிக்கப் பருத்தி ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் பொதிகளாகும். விலை வீழ வீழக் கமக்காரர் தம் கடனைத் தீர்ப்பதற்கு மேலும் விளைவிக்க முயன்றனர். மேலும் விளைந்தமையால் விலை மேலும் வீழ்ந்தது. தனியொருவன் தன் விதைப்பரப்பைக் குறைப்பதால் விலை உயரப்போவதில்லை. எல்லோரும் ஒருங்கே குறைத்தாலன்றி மீட்சி இல்லை. அவ்வாறு எல்லோரையும் ஒருங்கே இணங்கச் செய்யும் ஆற்றல் அரசுக்கே இருந்தது.

இந்நிலையிலேயே ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ற் 1933 மே 12 ஆந் தேதி வேளாண்மைச் சீராக்கற் சட்டத்திற் கையெழுத்திட்டார். விதைப்பரப்பைக் குறைக்க உடன்படும் கமக்காரருக்கு அரசு பணம் வழங்கும். அதற்கான நிதி, விளைபொருளைப் பதப்படுத்தும் ஆலைகள்மீது விதிக்கப்படும் வரியால் திரட்டப்படும். 1909 முதல் 1914 வரையிலான காலத்தில் வேளாண் பொருட்களுக்கு இருந்த வாங்கும் வலுவை மீண்டும் நிலைநாட்டுவதே இலக்காகும். இவையே சட்டத்தின் சாரம். வேளாண்மைச் செயலாளர் ஹென்றி வாலஸ் இதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை ஏற்றார்.

சட்டம் நிறைவேறியபோது அவ்வாண்டுப் பருத்தி ஏற்கெனவே முளைத்து வளர்ந்திருந்தது. எனவே வளர்ந்த பயிரையே உழுது அழிப்பதென முடிவாயிற்று. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்டன. ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்தி அழிக்கப்பட்டது. 10 கோடி டொலருக்கும் மேற்பட்ட தொகை கமக்காரருக்கு வழங்கப்பட்டது. பயிரை மிதியாது வரிசைகளுக்கிடையே நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள், பயிரின்மேல் ஏர் இழுக்க மறுத்து நின்றதாகச் சொல்லப்படுவதுண்டு. பசியும் ஆடைப் பஞ்சமும் நிலவிய காலத்தில் விளைபயிரை அழித்தமை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. எனினும் விலையைப் பொறுத்தவரையில் திட்டம் பயனளித்தது. அவ்வாண்டில் பருத்தி விலை 10 சதமளவிற்கு உயர்ந்தது.

3. பங்கீட்டின் கணக்கு

1934, 1935 ஆம் ஆண்டுகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட பருத்தி ஒப்பந்தமே பங்கீட்டுப் பிரச்சினையைத் தெளிவாகக் காட்டும் ஆவணமாகும். இவ்வொப்பந்தத்தின்கீழ் இருவகைக் கொடுப்பனவுகள் இருந்தன. விதைக்காது விடப்படும் நிலத்துக்கு அரசு ‘வாடகை’ செலுத்தும். இது அந்நிலத்தின் சராசரி விளைவில் இறாத்தலுக்கு மூன்றரைச் சதமாகும். இதனோடு, விலை ஈடாக இறாத்தலுக்கு ஒரு சதம் வழங்கப்படும். வாடகை முழுவதும் நிலவுடைமையாளனைச் சேரும். விலை ஈட்டில் மட்டும் வாரக்குடிக்குப் பாதி உண்டு. அதாவது, மொத்தம் நாலரைச் சதத்தில் நிலவுடைமையாளனுக்கு நான்கு சதம். வாரக்குடிக்கு அரைச் சதம். விளைவைச் சரிபாதியாகப் பங்கிட்ட இருவர், விளைவிக்காமைக்கான பணத்தை எட்டுக்கு ஒன்றாகப் பங்கிட்டனர்.

இப்பங்கீட்டின் விளைவு இதனோடு நிற்கவில்லை. வாரக்குடியின் சிறுபங்கும் பெரும்பாலும் நிலவுடைமையாளன் வழியாகவே வழங்கப்பட்டமையால், பழைய கடனுக்கென அதனைக் கழித்துக்கொள்ளுதல் எளிதாயிற்று. இதனினும் பாரதூரமானது வேறொன்றாகும். வாரக்குடியை நீக்கிவிட்டு நாட்கூலியாளைக் கொண்டு வேலை செய்விப்பானாயின், அந்த அரைச் சதமும் நிலவுடைமையாளனையே சேரும். மேலும், விதைப்பரப்பு ஐந்தில் இரண்டு பங்களவு குறைக்கப்பட்டபோது, அத்தனை குடும்பங்களின் உழைப்பும் தேவையற்றதாயிற்று. ஆகவே அரசின் ஒப்பந்தம் ஒருபுறம் வேலையைக் குறைத்தது. மறுபுறம் வேலையாளை வெளியேற்றுபவனுக்கு இலாபமும் அளித்தது.

ஒப்பந்தத்தை வரைந்தோர் இவ்வாபத்தை அறியாதிருந்தனர் எனல் பொருந்தாது. நிலவுடைமையாளன் ‘இயலுமானவரை’ வழக்கமான எண்ணிக்கையிற் குடிகளை வைத்திருத்தல் வேண்டுமென்றும், தொல்லை விளைவிப்போர் தவிர்ந்த ஏனையோரைக் குடிசைகளில் வசிக்கவிடல் வேண்டுமென்றும் அதன் ஏழாம் பிரிவு கூறிற்று. இயலுமா இயலாதா என்பதையும், தொல்லை விளைவிப்போன் யாவன் என்பதையும் முடிவுசெய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே வினா. முறைப்பாடுகள் முதலிற் சென்றடைந்தது கவுண்டிக் குழுவை. அக்குழுவில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் நிலவுடைமையாளரும் அவர்தம் நண்பருமே ஆவர்.

4. போயின்செற் கவுண்டியும் வாஷிங்டனும்

ஆர்க்கன்சோவின் போயின்செற் கவுண்டியில் டைரோன்சா என்னும் சிற்றூருக்கு அண்மையில், பெருந்தோட்டம் ஒன்றினின்றும் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதைத் தொடர்ந்து, 1934 யூலை மாதத்தில் பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பினத்தவரும் ஒன்றுகூடித் தென்மாநிலக் குடியானவர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நிறப்பாகுபாடு சட்டமாகவும் வழக்கமாகவும் நிலவிய அக்காலத்தில், இரு இனத்தவரும் ஒரே சங்கத்தில் இணைந்தமை துணிகரமான செயலாகும். இச்சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று, மானியத்தில் உரிய பங்கு வழங்கப்படல் வேண்டும் என்பதாகும். உறுப்பினர் தாக்கப்பட்டனர், கூட்டங்கள் கலைக்கப்பட்டன, பலர் சிறையிலிடப்பட்டனர். ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவை மீறியமைக்காகச் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. ஒப்பந்தம் அரசுக்கும் நிலவுடைமையாளனுக்கும் இடையிலானது. வாரக்குடி அதன் ஒரு தரப்பல்லன் என்ற வாதமே அங்கு வென்றது.

இதே வேளையில் வாஷிங்டனில், திட்டத்தை நடத்திய வேளாண்மைச் சீராக்கல் நிர்வாகத்தினுள்ளேயே கருத்துப் பிளவு முற்றியிருந்தது. அதன் சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் பிராங்க்கும் அவரது உதவியாளரும் ஏழாம் பிரிவுக்குப் புதிய விளக்கம் ஒன்றை அளித்தனர். குடிகளின் எண்ணிக்கையை மட்டுமன்றி, அதே குடிகளையே ஒப்பந்தக் காலம் முழுவதும் வைத்திருத்தல் வேண்டும் என்பது அவ்விளக்கமாகும். நிலைமையை நேரில் ஆராயுமாறு ஆர்க்கன்சோவுக்கு அனுப்பப்பட்ட சட்டத்தரணி மேரி கொனர் மையர்ஸின் அறிக்கை வெளியிடப்படவேயில்லை. 1935 பெப்ரவரியில் நிர்வாகத் தலைவர் செஸ்ரர் டேவிஸ், வாலஸின் உடன்பாட்டோடு, பிராங்க்கையும் அவரைச் சார்ந்தோர் பலரையும் பதவி நீக்கினார். புதிய விளக்கமும் கைவிடப்பட்டது.

வாலஸ் இரக்கமற்றவர் என்பதனால் இது நிகழவில்லை. காங்கிரஸின் முக்கிய குழுக்கள் நெடுங்காலம் பதவி வகித்த தென்மாநில உறுப்பினரின் கையில் இருந்தன. செனற் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகிய ஜோசப் றொபின்சனே ஆர்க்கன்சோவைச் சேர்ந்தவர். வாக்குரிமை மறுக்கப்பட்ட வாரக்குடிகளுக்கு அச்சபையில் குரல் இல்லை. ரூஸ்வெல்ற்றின் சீர்திருத்தங்கள் யாவும் இத்தென்மாநில உறுப்பினரின் ஆதரவிலேயே தங்கியிருந்தன. அவர்களைப் பகைத்தல் திட்டம் முழுவதையும் இழத்தலாகும் என அரசு கருதிற்று. அதன் விலையை வாரக்குடி செலுத்தினான்.

1936 ஜனவரியில் மேல் நீதிமன்றம் ஆலை வரியைச் செல்லாதென அறிவித்தது. ஆயினும் மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் அவ்வாண்டிலும், புதியதோர் சட்டமாக 1938 இலும் கொடுப்பனவுகள் தொடர்ந்தன. குடிகளுக்குரிய பங்கு புதிய விதிகளில் உயர்த்தப்பட்டது. ஆனால் பங்கு உயர உயரக் குடியை நீக்குவதற்கான தூண்டுதலும் உயர்ந்தது. 1939 ஜனவரியில் மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கில், வெளியேற்றப்பட்ட நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நெடுஞ்சாலையோரங்களில் தம் தட்டுமுட்டுப் பொருட்களுடன் கடுங்குளிரில் முகாமிட்டு, தம் நிலையை நாடறியச் செய்தன. வெளியேற்றத்தைத் தடுக்காது பங்கை மட்டும் உயர்த்துதல் பயனற்றது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

5. இயந்திரமா, மானியமா?

வாரக்குடி முறையை அழித்தது மானியமன்று. இயந்திரமே என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உழவு இயந்திரமும் பருத்தி பறிக்கும் இயந்திரமும் வந்தபின் எந்நாட்டிலும் பழைய உழைப்பு முறை நிலைத்திருக்கவில்லை. ஆயினும் காலவரிசையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இன்டர்நாஷனல் ஹாவெஸ்ரர் நிறுவனத்தின் பருத்தி பறிக்கும் இயந்திரம், கொஹோமா கவுண்டியில் கிளார்க்ஸ்டேலுக்கு அண்மையிலுள்ள ஹொப்சன் பெருந்தோட்டத்தில் 1944 ஒக்ரோபரிலேயே பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. அது பரவலானது அதற்கும் பின்னரே. ஆனால் வாரக்குடிகளின் தொகையோ 1940 இலேயே ஏறத்தாழ 541,000 ஆகக் குறைந்துவிட்டது. பத்தாண்டுகளில் ஏற்பட்ட இவ்வீழ்ச்சியைப் பறிக்கும் இயந்திரத்தின் மேற் சுமத்த இயலாது.

உண்மையில் நிகழ்ந்தது பின்வருமாறு எனலாம். பருத்திச் செய்கையில் உழைப்பு மிகுதியும் தேவைப்படுவது களை கொத்தும் காலத்திலும் பறிக்கும் காலத்திலுமாகும். அவ்வேளைகளில் ஆட்கள் கிடைப்பதை உறுதிப்படுத்தவே ஆண்டு முழுவதும் குடும்பங்களைத் தோட்டத்தில் வைத்துப் பேணினர். பெருமந்தக் காலத்திலோ வேலையற்றோர் எங்கும் நிறைந்திருந்தனர். வேண்டும்போது நாட்கூலிக்கு ஆள் கிடைத்தது. விதைப்பரப்புக் குறைந்தமையால் தேவையும் குறைந்தது. இந்நிலையில் அரசின் காசோலை உழவு இயந்திரம் வாங்குவதற்கான மூலதனத்தை நிலவுடைமையாளனுக்கு அளித்தது. வெளியேற்றப்பட்ட வாரக்குடி அருகிலுள்ள பட்டினத்தின் ஓரத்திற் குடியேறி, பறிக்கும் காலத்தில் அதே வயலுக்கு நாட்கூலியாளாய்த் திரும்பினான். இயந்திரம் இம்மாற்றத்தை நிறைவு செய்தது. மானியம் அதனைத் தொடக்கி வைத்து விரைவுபடுத்திற்று. சுவீடன் நாட்டுப் பொருளியலறிஞர் குன்னார் மிர்தால், அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி 1944 இல் வெளியிட்ட பேராய்விலும் வேளாண்மைக் கொள்கையின் இப்பங்கினை வற்புறுத்தியுள்ளார்.

6. சன்ஃபிளவர் கவுண்டி: முப்பதாண்டுகளின் பின்

கொடுப்பனவு விளைநிலத்தின் அளவைத் தழுவி அமைந்தமையால், பெருநிலம் பெரும்பணத்தைப் பெற்றது. பொலிவார் கவுண்டியில் ஆங்கிலேய நூற்பாலை முதலாளிகளுக்குச் சொந்தமாயிருந்த, ஏறத்தாழ 38,000 ஏக்கர் பரப்புடைய டெல்ற்றா அன்ட் பைன் லான்ட் நிறுவனம் முப்பதுகளிலேயே மிகப் பெருந்தொகை பெற்றோர் வரிசையில் இருந்தது. அதன் தலைவர் ஒஸ்கார் ஜோன்ஸ்ரன், திட்டத்தின் நிதிப் பொறுப்பிலும் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அறுபதுகளில் இதே நிலை சன்ஃபிளவர் கவுண்டியில் இருவரின் வாழ்க்கை வழியாக நாடறிய வெளிப்பட்டது. ஒருவர் டொட்ஸ்வில்லில் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பெருந்தோட்டத்தின் உரிமையாளரும் செனற்றருமாகிய ஜேம்ஸ் ஈஸ்ற்லன்ட். 1967 ஆம் ஆண்டில் அவரது தோட்டம் பெற்ற அரச கொடுப்பனவு 150,000 டொலருக்கும் மேற்பட்டதாகும். வறியோருக்கான சமூகநலத் திட்டங்களை எதிர்த்தவரும் அவரே. மற்றவர், அதே கவுண்டியின் றூல்வில் என்ற இடத்தில் வாரக்குடியாய் வாழ்ந்த ஃபனி லூ ஹேமர். 1962 ஓகஸ்ற் 31 ஆந் தேதி வாக்காளராகப் பதிவுசெய்ய இண்டியனோலாவுக்குச் சென்றமைக்காக, பதினெட்டாண்டுகள் உழைத்த தோட்டத்தினின்றும் அவர் வெளியேற்றப்பட்டார். அவர் 1969 இல் 40 ஏக்கரில் ஒரு கூட்டுறவுப் பண்ணையைத் தொடக்கினார். பின்னர் 600 ஏக்கருக்கும் மேலாக விரிவடைந்த அப்பண்ணை, எழுபதுகளின் நடுப்பகுதியிலே நிதியின்றி வீழ்ந்தது.

வாக்குரிமைக்கும் மானியத்துக்கும் உள்ள தொடர்பை அக்கால இளைஞர் நன்குணர்ந்திருந்தனர். விதைப்பரப்பின் அளவை ஒதுக்கியதும் முறையீடுகளைக் கேட்டதும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டிக் குழுக்களே ஆதலால், 1964 இல் மிசிசிப்பியிற் பணியாற்றிய குடியுரிமை இயக்க மாணவர், பொதுத் தேர்தலோடு நில்லாது இக்குழுத் தேர்தல்களிலும் கறுப்பினக் கமக்காரரைப் போட்டியிடச் செய்தனர். மறு ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் குடியுரிமை ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, வேளாண்மைத் திட்டங்களின் நிர்வாகத்தில் இனப்பாகுபாடு நிலவியதை உறுதிப்படுத்திற்று.

1970 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவர் ஒரு பயிருக்குப் பெறக்கூடிய தொகையை 55,000 டொலராக வரையறுத்தது. நிலத்தைக் குடும்பத்தினரின் பெயர்களில் ஏட்டளவிற் பிரிப்பதன் மூலம் இவ்வரையறையைத் தாண்டும் வழிகள் விரைவிற் கண்டறியப்பட்டன.

7. முடிவுரை

நிலம் வைத்திருந்த கறுப்பினக் கமக்காரரும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானவரல்லர். 1920 இல் நிலவுடைமையாளரும் குடிகளுமாக ஏறத்தாழ 926,000 ஆக இருந்த கறுப்பினக் கமக்காரரின் தொகை, 1997 இல் 20,000 இற்கும் கீழே வீழ்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே, கடனும் மானியமும் வழங்குவதில் வேளாண்மைத் திணைக்களம் பாகுபாடு காட்டியதெனக் கறுப்பினக் கமக்காரர் வழக்குத் தொடுத்தனர். 1999 இல் ஏற்பட்ட இணக்கத்தின்கீழ் 100 கோடி டொலர் அளவிலும், 2010 இல் ஏற்பட்ட இரண்டாம் இணக்கத்தின்கீழ் 125 கோடி டொலரும் இழப்பீடாக ஒதுக்கப்பட்டன. ஆனால் முப்பதுகளில் வெளியேற்றப்பட்ட வாரக்குடிகளுக்கு இவ்விணக்கங்களில் இடமிருக்கவில்லை. அவர்கள் எவ்வொப்பந்தத்திலும் கையெழுத்திடாதவர். ஆகவே எவ்வேட்டிலும் பெயர் இல்லாதவர்.

இவ்வரலாற்றைக் கொண்டு மானியம் தீது என்ற முடிபுக்கு வருதல் தவறாகும். 1933 இல் அரசு தலையிடாதிருந்தால் பருத்தி விலையின் வீழ்ச்சி நிலவுடைமையாளனையும் வாரக்குடியையும் ஒருசேர அழித்திருக்கும். வாரக்குடி முறையும் காத்துப் பேணத்தக்க ஒன்றன்று; அது கடனாலும் அச்சத்தாலும் நிலைநிறுத்தப்பட்ட முறை. குறை மானியத்தில் இல்லை. அது எவ்வுறவுகளினூடாகச் செலுத்தப்பட்டதோ அவ்வுறவுகளை மாற்றாது விட்டமையிலேயே குறை உள்ளது. சமனற்ற உடைமை நிலவுமிடத்தில், உடைமையை அளவுகோலாகக் கொண்டு வழங்கப்படும் உதவி அச்சமனின்மையைப் பெருக்கும். உழைப்போனைக் காக்கும் விதிகளை உடைமையாளனின் குழுவே நடைமுறைப்படுத்துமாயின் அவ்விதிகள் ஏட்டளவில் நிற்கும். ஒப்பந்தத்தில் உழைப்போன் ஒரு தரப்பாக இடம்பெறாத வரையில், அவன் பெயரால் ஒதுக்கப்படும் பங்கு அவனை நீக்குவதற்கான காரணமாகவே முடியும்.

டெல்ற்றாவின் பருத்தி வயல்களில் ஏர் பிடித்தவன் அரசிடம் கேட்டது பெருந்தொகையன்று. ஓர் இறாத்தலுக்கு அரைச் சதத்திற்கு மேலாக ஒரு பங்கும், அடுத்த ஆண்டும் அதே குடிசையில் வாழலாம் என்ற உறுதியும் மட்டுமே அவன் கேட்டவை. முதலாவது காலந்தாழ்த்தி வழங்கப்பட்டது. இரண்டாவது வழங்கப்படவேயில்லை.